டிராக்டர் வந்த பிறகும் அறுவடை வயலில் ஏன் அத்தனை பேர்?

கேள்வி இதுதான்: 1940, 1950களில் எடுத்த இங்கிலாந்துக் கிராமத்துப் புகைப்படங்களில் டிராக்டர் இருக்கிறது, அறுக்கும் இயந்திரமும் இருக்கிறது. அப்புறமும் வயல் நிறைய ஆட்கள் நிற்கிறார்களே, அவர்களுக்கு அங்கே என்ன வேலை? அந்தக் காலத்து அறுவடை எப்படித்தான் நடந்தது?

அறுக்கத்தான் இயந்திரம் வந்திருந்தது, தூக்க வரவில்லை. அந்தப் படங்களில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையாவது தூக்கிக்கொண்டு, எறிந்துகொண்டு, அடுக்கிக்கொண்டு இருப்பவர்கள்தான். வயலில் விழுந்த ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு மூட்டையில் தானியமாகப் போய்ச் சேர்வதற்குள் எட்டு, ஒன்பது முறையாவது மனிதக் கை பட்டுவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நான் சொல்லப்போவது பெரும்பாலும் நார்ஃபோக், சஃபோக், எசெக்ஸ், லிங்கன்ஷயர் போன்ற கிழக்குப் பகுதிகளைப் பற்றி. இங்கிலாந்தின் தானியக் களஞ்சியம் அந்தப் பக்கம்தான். மேற்கே போகப் போக மழை கூடும், புல் கூடும், பசு மாடு கூடும். அங்கே அறுவடை என்றால் ஜூன் மாதத்து வைக்கோற்புல்தான் பெரிய விஷயம்.

அறுக்கும் இயந்திரத்தின் பெயர் பைண்டர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. மூன்று குதிரைகள் பக்கம் பக்கமாக நின்று இழுக்கும். பிறகு அதையே டிராக்டர் இழுத்தது. ஆனால் நேராக பைண்டரை வயலுக்குள் விட்டுவிட முடியாது. குதிரையும் சக்கரமும் போகும் வழியில் நிற்கிற பயிர் மிதிபட்டு வீணாகும். அதனால் முதல் நாளே ஓரிருவர் நீளப்பிடி அரிவாளுடன் வந்து, வயலின் ஓரத்தைச் சுற்றி ஒரு பாதை அறுத்துவிடுவார்கள். அறுத்ததைப் பின்னால் வருபவர் வாரி, அதே கோதுமைத் தாளையே முறுக்கிக் கயிறாக்கிக் கட்டி வேலியோரம் சாய்த்து வைப்பார். 1950லும் இது நடந்தது. ஓர் இயந்திரம் உள்ளே வர, அது ஒழித்துக்கட்டியதாகச் சொல்லப்படும் அரிவாள்தான் கதவு திறந்துவிட வேண்டியிருந்தது என்பது எனக்கு எப்போதுமே ஒரு வேடிக்கை.

பைண்டர் ஓடுவதைப் பார்த்தால் பெரிய காற்றாடி ஒன்று தரையோடு உருள்வதுபோல இருக்கும். மரப்பட்டைகள் வைத்த அந்தச் சுழலி, நிற்கும் பயிரை வளைத்துக் கத்திமேல் சாய்க்கும். அறுபட்ட தாள் ஒரு கான்வாஸ் துணிமேல் விழுந்து, மேலேறி, மறுபக்கம் வந்து சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் வளைந்த ஊசி ஒன்று கயிறைச் சுற்றிக் கொண்டுவரும். பறவை அலகு போன்ற சிறு இரும்புக் கொக்கி ஒன்று முடிச்சுப் போடும். பிறகு கயிறை அறுத்து, கட்டை வெளியே தள்ளும். அந்த முடிச்சுப் போடும் பகுதிதான் இயந்திரத்தின் உயிர், தொல்லையும் அங்கேதான். முடிச்சு விழாமல் போனால் கட்டுக்குப் பதில் கூளம்தான் வெளியே வரும். ராத்திரி பனி பெய்தால் கான்வாஸ் சுருங்கி இழுத்துக்கொள்ளும் என்பதால், சாயங்காலம் அதைத் தளர்த்தி மூடிவைக்காமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். கத்தியும் துணியும் ஓடுவதற்கான விசை பைண்டரின் அடிச்சக்கரத்திலிருந்தே வந்தது. நிலம் ஈரமானால் சக்கரம் வழுக்கும், கத்தி நின்றுவிடும். டிராக்டர் எஞ்சினிலிருந்து நேராக விசை எடுக்கும் பைண்டர்கள் பிறகுதான் பரவின. மழையில் பயிர் சாய்ந்துவிட்டாலோ ஒரு திசையில் மட்டுமே அறுக்க முடியும். மறுபடி வெறும் ஓட்டமாகத் திரும்பி வர வேண்டும். அதற்கும் முடியாத இடத்தில் மறுபடி அரிவாள்.

குதிரை பைண்டர் ஒரு நாளைக்குப் பத்து ஏக்கர் அளவில் அறுக்கும். அது தள்ளிவிட்டுப் போன கட்டுகள் வயல் முழுக்கக் கிடக்கும். ஆட்களின் வேலை இங்கே தொடங்குகிறது.

முதல் வேலை கட்டுகளை நிமிர்த்தி நிறுத்துவது. ஆளுக்கு இரண்டு கட்டு, ஒவ்வொரு கக்கத்திலும் ஒன்று. அடிப்பக்கத்தைத் தரையில் ஓங்கிக் குத்தி நிறுத்தி, கதிர்ப்பக்கத்தை ஒன்றோடொன்று சாய்த்துவிட வேண்டும். எதிரில் இருப்பவர் அடுத்த ஜோடியை வைப்பார். இப்படி ஆறு, எட்டு, பத்து கட்டுகள் சேர்ந்து கூரை வீடு போல நிற்பதற்கு ஸ்டூக் என்று பெயர். கிழக்குப் பகுதியில் ஷாக் என்பார்கள். வரிசையை வடக்குத் தெற்காக அமைப்பார்கள். காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம், நடுவில் காற்றுப் போக வழி. கேட்க லேசான வேலை. செய்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது முன்கைதான்: தாளின் முனை உராய்ந்து உராய்ந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல். கட்டுக்குள் முட்செடி வேறு இருக்கும். கோதுமையில் களை கொல்லும் எம்.சி.பி.ஏ. என்ற மருந்து 1946இல்தான் சந்தைக்கு வந்தது. அதுவரை வயலில் முளைத்த முள்ளெல்லாம் கட்டோடு கட்டாக வந்து கையில் ஏறும்.

ஓட்ஸுக்கு ஒரு கணக்கு இருந்தது: ஸ்டூக்கில் நிற்கும்போது அது மூன்று ஞாயிறு மாதா கோயில் மணி கேட்க வேண்டும். ஓட்ஸ் அறுக்கும்போது தாளில் பச்சை இருக்கும். அவசரப்பட்டுக் கட்டுகளைக் குவித்துப் போர் போட்டால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். கோதுமைக்கு இவ்வளவு நாள் வேண்டாம். ஜெர்மானியர் படையெடுத்து வந்தால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 1940 ஜூனில் நாடு முழுக்கக் கோயில் மணிகளை நிறுத்திவிட்டார்கள். 1943 வரை அந்தத் தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் ஓட்ஸ் மணி கேட்காமலேயே கதிர்ப்போருக்குப் போனது.

காய்ந்த பிறகு வண்டி வரும். இரண்டு பல் கவைக்கோலால் கட்டைக் குத்தித் தூக்கி மேலே கொடுக்க ஒருவர் அல்லது இருவர். வண்டிமேல் நின்று வாங்கி அடுக்க ஒருவர். அடுக்குபவருக்குத்தான் திறமை வேண்டும். மூலைகளைச் சரியாகப் பூட்டாவிட்டால் மேட்டில் ஏறும்போது பாரம் முழுவதும் சரியும். ஸ்டூக்கிலிருந்து ஸ்டூக்குக்குக் குதிரையை நடத்திப் போவது சிறுவர்கள் வேலை. குதிரை நகர்வதற்கு முன்னால் மேலே நிற்பவருக்குக் கேட்கும்படி “பிடிச்சுக்கோ!” என்று கத்த வேண்டும். கத்த மறந்த பையனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேலிருந்து விழுந்தவருக்கோ இடுப்பு எலும்பு போகும்.

வண்டி களத்துக்கு வந்ததும் மறுபடி அதே கட்டு இறங்கும். வண்டியிலிருந்து ஒருவர் எறிய, போரின் நடுவில் நிற்பவர் வாங்கித் திருப்பிக் கொடுக்க, போர் போடுபவர் முழங்காலில் ஊர்ந்தபடியே சுற்றிச் சுற்றி வைப்பார். கதிர் உள்பக்கம், அடித்தாள் வெளிப்பக்கம். நடுப்பகுதியை எப்போதும் மேடாகவே வைத்திருப்பார். அப்போதுதான் ஒவ்வொரு கட்டும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து மழைநீரை வழியவிடும். இந்தச் சாய்வு தவறினால் தண்ணீர் உள்ளே இறங்கி, குளிர்காலத்தில் பிரித்துப் பார்க்கும்போது நடுவெல்லாம் முளைவிட்டிருக்கும். முடிந்ததும் மேலே வைக்கோல் கூரை வேய்ந்து, வளைத்த ஹேஸல் குச்சிகளால் இறுக்குவார்கள். சாலையோரம் தெரியும் போர் கோணலாக இருந்தால் அந்த வருஷம் முழுக்க ஊர்க் கேலி. அதனால் சாலையோரத்துப் போர்களை அழகாகவும் உள்ளே இருப்பவற்றை அவசரமாகவும் போட்டார்கள் என்றால் நான் நம்புவேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். அறுவடை மாதத்தில் வேலை இருட்டும்வரை போகும். நடுவே முற்பகல் பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் வேலியோரம் உட்காருவார்கள். கிழக்குப் பகுதியில் அந்த நான்கு மணி இடைவேளைக்குத் தனிப் பெயரே உண்டு, ஃபோர்ஸஸ் என்று. பெண்களும் குழந்தைகளும் கூடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, கேக், பாட்டிலில் ஆறிப்போன பால் விடாத தேநீர் கொண்டுவருவார்கள். மேற்கே ஹெர்ஃபோர்ட்ஷயர், சாமர்செட் பக்கம் ஆப்பிள் சைடர். கூலியின் ஒரு பகுதியாக மது கொடுப்பதை 1887ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. ஆனால் கூலிக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுப்பதை யார் தடுப்பது? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எல்லாவற்றுக்கும் ரேஷன். ஆலைத் தொழிலாளிக்கு கேன்டீன் உண்டு, வயலில் நிற்பவனுக்கு ஏது கேன்டீன் என்று கேட்டுப் பண்ணையாட்களுக்கு மட்டும் பாலாடைக்கட்டி ரேஷனைக் கூட்டிக் கொடுத்தது அரசு. அறுவடைக்காலத்தில் தேயிலையும் சர்க்கரையும் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்தன.

இறைச்சிக்கு வேறு வழி இருந்தது. பைண்டர் வயலை வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அறுக்கும். உள்ளே இருக்கும் முயல்களெல்லாம் நிற்கும் பயிருக்குள் ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் ஒரு சிறு திட்டு மட்டும் மிஞ்சும்போது அது முழுக்க முயல். பள்ளிக்கூடப் பையன்கள் தடியோடும், ஒன்றிரண்டு பேர் துப்பாக்கியோடும் சுற்றி நிற்பார்கள். அடித்ததை வரப்பில் நீட்டிவைத்து, சாயங்காலம் ஆளுக்கு ஒன்று பங்கு. அந்தக் காலத்துப் பையன்களுக்கு அறுவடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். 1953இல் கென்ட் பகுதியில் மிக்ஸோமடோசிஸ் என்ற முயல் நோய் வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் நாட்டு முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போயின. பாதையெல்லாம் கண் வீங்கிய முயல்கள் கிடந்ததைப் பார்த்தவர்கள் பிறகு முயல்கறியே தொடவில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

போருக்கு முன் பிரிட்டன் சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. கப்பலை நீர்மூழ்கிகள் மறிக்கும் என்று தெரிந்ததும், 1939இல் பழைய புல்தரையை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு தருவதாக அரசு அறிவித்தது. போர் முடிவதற்குள் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் புதிதாக உழவுக்கு வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் போர்க்கால வேளாண்மைக் குழு அமைத்தார்கள். ஊரில் அதன் பெயர் ‘வார் ஆக்’. எந்த வயலில் எதைப் போட வேண்டும் என்று அது உத்தரவிடும். விவசாயிகளை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும். சரியாகச் செய்யாதவரை நிலத்தைவிட்டே வெளியேற்றும். நேற்றுவரை சமமாக உட்கார்ந்து பேசிய பக்கத்துப் பண்ணைக்காரர் இன்று குழு உறுப்பினராக வந்து உங்கள் வயலுக்கு மார்க் போட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கசப்பு சில ஊர்களில் ஒரு தலைமுறை நின்றது.

நிலம் கூடியது, ஆள் குறைந்தது. இளைஞர்கள் பட்டாளத்துக்கும் ஆலைக்கும் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்கள்தான் புகைப்படங்களில் இருப்பவர்கள். 1939 ஜூனில் மீண்டும் தொடங்கிய பெண்கள் நிலப்படை, உச்சத்தில் 80,000 பேரைத் தாண்டியது. பச்சை ஸ்வெட்டர், முழங்கால்வரை பழுப்புக் கால்சட்டை, தொப்பி. முடிதிருத்தும் கடையிலும் தையல் ஆலையிலும் இருந்த பெண்கள் பால் கறக்கவும் பைண்டர் ஓட்டவும் கற்றார்கள். தொடக்கத்தில் வாரக் கூலி 28 ஷில்லிங். அதில் பாதி தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். அதன் தலைவி லேடி டென்மன், மற்றப் படைப்பிரிவுகளுக்குக் கொடுத்த போர்ச் சன்மானம் இவர்களுக்கு இல்லை என்றதும் 1945இல் பதவியை விட்டு விலகினார். படை 1950 நவம்பர்வரை நீடித்தது. போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்தும் அந்தப் பெண்கள் தேவைப்பட்டார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1941 முதல் இத்தாலியப் போர்க்கைதிகள் வயலுக்கு வந்தார்கள், பிறகு ஜெர்மானியர். ஜெர்மன் கைதிகள் 1948வரை இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே குடும்பம் நடத்தவும் செய்தார்கள். லண்டன் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கூடாரம் அடித்துத் தங்கி ஸ்டூக் வைத்தார்கள். அலுவலகக்காரர்கள் ஒரு வார விடுப்பில் வந்தார்கள். அயர்லாந்திலிருந்து உருளைக்கிழங்குக்கும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குக்கும் ஆட்கள் வந்தது பழைய வழக்கம்தான்.

1941 முதல் கோடையில் கடிகாரத்தையும் இரண்டு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். இரவு பத்தரைக்கும் வெளிச்சம். வேளாண்மை தெரியாதவர் கண்ணுக்கு இது பெரிய வரம். ஆனால் பனித்துளி கடிகாரம் பார்த்துக் காயாது. கடிகாரத்தில் காலை எட்டு என்றால் சூரியனுக்கு ஆறுதான். கட்டு நனைந்துகிடக்கும், தொட முடியாது. நண்பகல்வரை சும்மா நின்றுவிட்டு, பிறகு ராத்திரி பத்துமணிவரை வண்டி ஏற்றினார்கள். மறுநாள் விடியற்காலை குதிரைக்குத் தீனி போட வேண்டியவன் அதே ஆள்தான்.

இத்தனையும் செய்து ஆகஸ்ட், செப்டம்பரில் போர் போட்டு மூடியாயிற்று. ஒரு மணி தானியம்கூட இன்னும் கிடைக்கவில்லை! கதிரடிப்பு குளிர்காலத்தில். அதை நான் அறுவடையின் இரண்டாம் பாதி என்றே சொல்வேன்.

கதிரடிக்கும் பெட்டி சொந்தமாக எல்லோரிடமும் கிடையாது. ஒப்பந்தக்காரர் ஊர் ஊராகக் கொண்டுவருவார்: முன்னே நீராவி எஞ்சின், அதன் பின்னே வீடளவு மரப்பெட்டி, பின்னே வைக்கோல் ஏற்றும் கருவி, கடைசியில் ஆட்கள் தூங்கும் வண்டி. கெயின்ஸ்பரோவில் மார்ஷல், இப்ஸ்விச்சில் ரான்ஸம்ஸ், லிங்கனில் கிளேட்டன் அண்ட் ஷட்டில்வொர்த் என்று கிழக்குப் பகுதிச் சிறு நகரங்களே இவற்றைச் செய்து உலகமெங்கும் அனுப்பின. நிலக்கரியும் தண்ணீரும் பண்ணைக்காரர் செலவு. எஞ்சின்காரர் இருட்டில் எழுந்து தீ மூட்டினால்தான் ஏழு மணிக்கு நீராவி ஏறும்.

பத்துப் பன்னிரண்டு பேர் இல்லாமல் இது ஓடாது. போரிலிருந்து கட்டை எறிய இரண்டு பேர், பெட்டியின் மேல் நின்று கயிறை அறுக்க ஒருவர், அறுத்ததைச் சுழலும் உருளைக்குள் பரவலாகப் போட ஒருவர், வைக்கோலைப் புதுப் போராக அடுக்க மூன்று நான்கு பேர், மூட்டை பார்க்க ஒருவர். அப்புறம் பெட்டிக்கு அடியில் கொட்டும் பதரையும் தூசியையும் வாரி ஒதுக்க ஒருவர். இந்தக் கடைசி இடம்தான் நரகம். வாற்கோதுமை அடிக்கும் நாளில் அதன் சுணை சட்டைக்குள், கண்ணுக்குள், காதுக்குள் எல்லாம் போகும். ஆண்கள் நைசாக நழுவி அந்த இடத்தை நிலப்படைப் பெண்ணுக்கோ புதுப் பையனுக்கோ விட்டுவிடுவது வழக்கம். பெட்டி காலியாக ஓடும்போது கீச்சென்று ஏறும் ரீங்காரம், கட்டு விழுந்ததும் உறுமி இறங்கும், ஊருக்கே கேட்கும். உருளையில் கால் தவறி விழுந்தவர்கள் உண்டு. பாதுகாப்புத் தடுப்பு வைக்க வேண்டும் என்று 1878லேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும்.

போர் தாழத் தாழ எலி. மூன்று மாதம் தானியத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவை கடைசி அடுக்கில் கூட்டமாக வெளியே பாயும். அதனால்தான் படங்களில் ஆட்கள் முழங்காலுக்குக் கீழே கால்சட்டையைக் கயிறால் கட்டியிருப்பார்கள். எலி உள்ளே ஏறாமல் இருக்க. போரைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, நாயை உள்ளே விட்டு எலியைத் தப்பவிடாமல் கொல்ல வேண்டும் என்பது சட்டமாகவே இருந்தது.

மூட்டையின் எடையைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். சாக்கு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. தானியத்துக்குத் தானியம் எடை மாறும். ஓட்ஸ் என்றால் 12 ஸ்டோன், 76 கிலோ. வாற்கோதுமை 16 ஸ்டோன், 102 கிலோ. கோதுமை 18 ஸ்டோன், 114 கிலோ. இதை முதுகில் ஏற்றிக்கொண்டு களஞ்சியத்தின் வெளிப்படியில் மேலே ஏற வேண்டும். அதுவும் நாளெல்லாம். மூட்டையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்க ஒரு கைப்பிடிக் கருவி இருந்தது. அதற்குப் பிறகு படி உன்பாடு. கோதுமை மூட்டை சுமந்தால்தான் முழு ஆள் என்று பதினெட்டு வயதுப் பையன்கள் போட்டிபோட்டுச் சுமந்தார்கள். ஐம்பது வயதில் அவர்களில் பலருக்கு முதுகு நிமிரவில்லை. கிராம வாழ்க்கையை நினைத்து ஏங்குபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து ஏங்கினால் நன்றாக இருக்கும்.

கூலி? 1940இல் தேசிய அளவில் ஆண்களுக்குக் குறைந்தபட்சம் வாரத்துக்கு 48 ஷில்லிங் என்று நிர்ணயித்தார்கள், 1945இல் 70. அதற்கு முன்பிருந்த நிலைக்கு இது பெரிய ஏற்றம்தான்; ஆனாலும் ஆலைக் கூலியை எட்டவில்லை. கூலியைவிடப் பெரிய கட்டு, வீடு. குடியிருக்கும் வீடு பண்ணைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். முதலாளியிடம் வாய் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? 1906இல் நார்ஃபோக்கில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து எத்தனையோ மாநாடுகளில் பேசியது. உருப்படியான பாதுகாப்புத் தரும் சட்டம் 1976இல்தான் வந்தது. அதற்குள் பாதுகாக்க வேண்டிய ஆட்களே பெரும்பாலும் போய்விட்டிருந்தார்கள்.

போகவைத்தது எது என்றால் டிராக்டரைக் கைகாட்டுவார்கள். டிராக்டர் விரட்டியது குதிரையை. 1939இல் பண்ணைகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் குதிரைகள் இருந்தன. 1960இல் தேடிப் பார்க்க வேண்டும். போரின்போது டேகன்ஹாமில் செய்த ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. 1946 முதல் கோவென்ட்ரியில் செய்த சாம்பல்நிற ஃபெர்குசன். சின்னது, மலிவு, பின்னால் மாட்டிய கலப்பையை ஒரு நெம்புகோலைத் தட்டித் தூக்கிவிடலாம். பத்தாண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஒரு ஏக்கர் உழக் குதிரைக்குப் பின்னால் பதினோரு மைல் நடந்தவன் இப்போது உட்கார்ந்துகொண்டான். சஃபோக்கில் குதிரைக்காரன்தான் பண்ணையாட்களில் முதல் மரியாதைக்காரன். குதிரை போனதும் அவன் சாமர்த்தியத்துக்கு விலை இல்லாமல் போனது. ஆனால் அவன் வேலை போகவில்லை. டிராக்டரின் பின்னால் அதே பைண்டர், அதே ஸ்டூக், அதே போர், அதே மூட்டை.

ஆட்களைக் குறைத்தது கம்பைன். அறுப்பதையும் அடிப்பதையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும் இயந்திரம். 1928லேயே இங்கிலாந்தில் ஓடிப் பார்த்தாயிற்று. அப்படியிருந்தும் 1942இல் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம்தான். 1950இல் பத்தாயிரம் அளவு. 1960இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. இத்தனை தாமதம் ஏன் என்பதற்குப் பழைமைப் பிடிப்பு என்று ஒரு பதில் சொல்வார்கள். எனக்கு அது போதாது. உண்மையான காரணம் ஈரம். கம்பைன் அறுக்கும் நேரத்தில் இங்கிலாந்துக் கோதுமையில் நூற்றுக்குப் பதினெட்டு, இருபது பங்கு ஈரம் இருக்கும். கெடாமல் சேமிக்கப் பதினான்கு, பதினைந்துக்கு இறக்க வேண்டும். முன்பு இந்த வேலையை ஸ்டூக்கும் போரும் காற்றும் இலவசமாகச் செய்தன. கம்பைன் வாங்கினால் உலர்த்தும் இயந்திரமும் வாங்க வேண்டும், அதற்கு எண்ணெயோ மின்சாரமோ வேண்டும், சேமிக்கக் கிடங்கு வேண்டும். மின்கம்பி வராத பண்ணைகள் அப்போது ஏராளம். 1947ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் விளைபொருளுக்கு விலை உத்தரவாதம் கொடுத்த பிறகுதான், கடன் வாங்கி இதையெல்லாம் செய்யலாம் என்ற தைரியம் வந்தது.

முதலில் வந்த கம்பைன்களிலும் தானியம் மூட்டையில்தான் விழுந்தது. மேடையில் ஒருவர் நின்று சாக்கு மாட்டி, வாய் கட்டி, சறுக்குப் பலகை வழியே வயலில் தள்ளிவிடுவார். ஈரப் புல்லில் கிடக்கும் அந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றப் பின்னால் ஆட்கள் வர வேண்டும். தொட்டி வைத்த கம்பைனும் லாரியும் வந்த பிறகே தூக்கும் வேலை முற்றிலும் ஒழிந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பைன் ஆகஸ்ட் மாதத்து ஆட்களை மட்டும் குறைக்கவில்லை, ஜனவரி மாதத்துக் கதிரடிப்பையும் கொண்டுபோனது. குளிர்காலத்தில் ஆட்களை வைத்துக்கொள்ளப் பண்ணைக்காரருக்கு இருந்த பெரிய காரணமே அதுதான். அடுத்த இருபது ஆண்டுகளில் முழுநேரக் கூலியாட்கள் பாதிக்கும் கீழே இறங்கினார்கள். விளைச்சலோ கூடியது: அன்று ஏக்கருக்கு ஒரு டன் கோதுமை என்றால் நல்ல வெள்ளாமை, இன்று மூன்று டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள்.

அறுவடைத் திருவிழா பற்றியும் சிலர் கேட்பார்கள். மாதா கோயிலில் பூசணியும் ஆப்பிளும் கதிர்க்கட்டும் அடுக்கிப் பாடும் வழக்கம் ஆதிகாலத்தது என்று நினைக்கிறோம். இன்றைய வடிவில் அதைத் தொடங்கிவைத்தது கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ ஊர்ப் பாதிரியார் ஹாக்கர், 1843இல். பண்ணைக்காரர் வீட்டுக் களத்தில் குடித்துக் கும்மாளமிடும் பழைய விருந்து, கோயில் மண்டபத்துத் தேநீர் விருந்தாகச் சுருங்கியது அதற்குப் பிறகுதான்.

கென்ட்டில் நடந்தது வேறு வகை அறுவடை. பீருக்கான ஹாப் காய்களைப் பறிக்க, செப்டம்பரில் கிழக்கு லண்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள்; பாத்திரம் பண்டம், பாட்டி, கைக்குழந்தை எல்லாம் சேர்த்துத் தனி ரயில். வரிசைக் குடிசையில் வைக்கோல் மெத்தையில் படுக்கை, பறித்த அளவுக்குக் கூலி. அவர்களுக்கு வருஷத்தில் ஒரே விடுமுறை அதுதான். பறிக்கும் இயந்திரம் 1950களில் பரவியதும் அதுவும் முடிந்தது.

இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா என்றால், முடியும். ரீடிங் நகரத்தில் 1951இல் தொடங்கிய ஆங்கிலேயக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் வண்டிகளும் கருவிகளும் இருக்கின்றன. ஓடுகிற பைண்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கூரை வேய்பவர்களுக்காகக் கோதுமை போடும் பண்ணைகளைத் தேடுங்கள். கம்பைன் தாளை நொறுக்கிவிடும். புதிய ரகங்களின் தாளும் கட்டை. கூரைக்கு முறியாத நீளத் தாள் வேண்டும். அதனால் 1960களில் வந்த மாரிஸ் விட்ஜன் போன்ற பழைய நெட்டை ரகங்களைப் போட்டு, பைண்டரால் அறுத்து, ஸ்டூக் வைத்துக் காயவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜூலைக் கடைசியில் கிளம்பினால் சரியாக இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஆள் பற்றாக்குறை அவர்களுக்கும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர் கையிலும் இரண்டு கட்டைக் கொடுத்துவிடுவார்கள்.